வசனம் எடுத்துக் கொடுத்தவன்

என் மனைவி மகள் வீட்டுக்குப் போய் அன்றோடு எழுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பத்து நாளில் வருவதாகத்தான் போனாள். மகளுக்கு வயிற்றில் ஓர் அறுவைச் சிகிச்சை, கூட இருக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஐப்பசி மழையில் ஒரு கட்டைப்பையோடு ஓரிக்கைக்குப் பஸ் ஏறினாள். நாற்பதாம் நாள் மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நான்தான் போய் அங்கே சாப்பிட்டுவிட்டு, தூக்குவாளியில் மிச்சப் பொங்கலை வாங்கிக்கொண்டு கடைசிக்கு முந்தின பஸ்ஸில் வந்தேன்.

சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்றால் எனக்குப் புரிந்திருக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் செய்வேன்.

"எப்ப வர?"

"பாக்கலாம்…"

"வெள்ளிக்கிழமையா?"

"உம்."

வெள்ளிக்கிழமை வரும், போகும். அவள் வரமாட்டாள். ஒரு அழைப்பும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. அதிகமாகப் போனது ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. அதிலும் பாதி நேரம் நான் மோட்டார் ரிப்பேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தாலுகாவின் வரப்புகளில் நடந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கால் அளந்துகொண்டேதான் இருக்கிறது. கேட்டிலிருந்து கிணறு வரை முப்பத்து நான்கு அடி. வீட்டில் தனியாக இருக்கும்போது அந்த முப்பத்து நான்கை ஒரு நாளைக்கு எத்தனை முறை நடந்தேன் என்று சொன்னால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். உட்கார்ந்தால் முதுகு வலித்தது. படுத்தால் கூரை ஓடுகளை எண்ணினேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்த எழுபத்தொன்பதாம் நாள் காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடத்தான் போனேன். மணி மூன்று நிமிடம் தாமதமாக அடிக்கிறது. ஒரு வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதோடு, பள்ளி விட்ட பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டு வெளியே கூச்சல் போடுகிறார்கள்.

கூச்சல் போட்டது நாடகம். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் ஆடுவதும் பாடுவதும் போதாதென்று, பெற்றோர்களையும் ஊர்க்காரர்களையும் வைத்து ஒரு நாடகம் போட அங்கிருந்த ஆசிரியை முடிவு செய்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நான் மணியைப் பற்றிச் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"ஐயா, இவ்ளோ கவனமா கீற ஆளுதான் எனக்கு வேணும். யாராவது வசனத்த மறந்துட்டா பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கணும். அவ்ளோதான்."

நாடகத்தால் என்ன லாபம் என்று கேட்டேன். "நடிச்சவங்க புள்ளைங்கள ஒழுங்கா இஸ்கூலுக்கு அனுப்புவாங்க. என் கணக்கு அதுதாங்கய்யா" என்றார். நேர்மையான பதில். நோட்டை வாங்கிக்கொண்டேன்.

பதினான்கு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு வசனம். கதை எளியது. ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ஊர்த்தலைவர் மேல்மடைக்காரர்களுக்கே மதகைத் திறக்கிறார். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விதவைக்குப் பயிர் காய்கிறது. அவள் போய்க் கேட்கிறாள். தலைவராக நடித்தவர் டிராக்டர் ஓட்டுகிறவர். விதவையாக நடித்தது அந்தப் பள்ளியின் சத்துணவு சமையல்காரம்மா. அவருக்கு ஐம்பத்தெட்டு வசனம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் ஆசிரியை படிக்கப் படிக்கக் காதால் கேட்டே பாடம் செய்திருந்தார்.

என் வேலை எனக்குப் பிடித்துப்போனது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கைக்கு ஒரு காரியம் கிடைத்திருந்தது. நோட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். யாராவது ஒரு மூச்சு நிறுத்தினால் அடுத்த சொல் என் வாயிலிருந்து வந்துவிடும். ஒரு நாள் ஒத்திகையில் நாற்பத்தேழு தடவை எடுத்துக் கொடுத்தேன். நானில்லாவிட்டால் இவர்கள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

டிராக்டர்காரர் ஒரு முறை சொன்னார்: "சார், நான் மூச்சு வாங்கறதுக்குக் கூட வுடமாட்றீங்க."

"மூச்சு வாங்கினா ஜனம் மறந்துட்டான்னு நெனைக்கும்."

"ஜனம் நெனைக்கட்டும் சார். நான் செத்துட்டன்னு நெனைக்காம இருந்தா சரி."

சமையல்காரம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத்தான் நான் அதிகம் எடுத்துக் கொடுத்தேன். அந்த நாற்பத்தேழில் முப்பத்தொன்று அவருக்கு.

ஆண்டு விழா நடந்தது நூறாவது நாள், பிற்பகல் மூன்று மணிக்கு. பள்ளி மைதானத்தில் தார்ப்பாய் கட்டி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை. நடிக்கிறவர்கள் பேசுவது கேட்க வேண்டுமென்று மேலே கயிறு கட்டி இரண்டு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று நடுவில். இன்னொன்று ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால் நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் மேலே. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நானும் கவனிக்கவில்லை.

அடுத்து நடந்தது எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கக்கூடியது. இங்கே ஜனங்கள் தெருக்கூத்துப் பார்த்துப் பழகியவர்கள். கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடினால், பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை எடுத்துத் திரும்பப் பாடுவார்கள். முதலில் கேட்பது வேஷக்காரர் குரல், இரண்டாவது பின்பாட்டு. அது எல்லோருக்கும் காதில் ஊறிய வரிசை. அன்று ஒலிபெருக்கியில் முதலில் வந்தது என் குரல். அதன் பிறகு அதே வசனத்தைச் சமையல்காரம்மா சொன்னார். நான் கொடுத்தேன், அவர் சொன்னார். நான் கொடுத்தேன், டிராக்டர்காரர் சொன்னார். கூட்டம் தன் வழக்கப்படி புரிந்துகொண்டது. படுதாவுக்குப் பின்னால் இருக்கிறவர்தான் முக்கிய வேஷம். மேடையில் நிற்கிறவர்கள் பின்பாட்டு.

முன் வரிசையில் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது.

"ராஜா வேஷம் இன்னாடி இன்னும் வெளிய வரல?"

"அரிதாரம் பூசி மொகம் எழுதிக்கினு இருப்பாங்க."

"இம்மாம் நேரமா? நல்லா கீது கொரலு. இந்தப் பொம்பள கூட ஒத்து நல்லா பாடுது."

என் குரல் வெளியே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் வாயை மூட முடியவில்லை. கடைசிக் காட்சி. விதவை தலைவர் முன்னால் வந்து நிற்கிறாள். "தலைவரே, என் நெலத்துக்கும் இதே ஏரிதான்" என்று சொல்ல வேண்டும். நாடகத்தில் அதுதான் கனமான வசனம். சமையல்காரம்மா வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு. அவ்வளவுதான் என்னால் பொறுக்க முடிந்தது. "தலைவரே, என் நெலத்துக்கும்" என்று ஒலிபெருக்கி முழங்கியது. கூட்டம் என் குரலுக்குக் கைதட்டியது. அவர் அந்த வசனத்தை முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

முடிந்ததும் ஊராட்சியின் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மறைஞ்சிருந்து நடிச்ச ஐயா மேடைக்கு வரணும்" என்றார். என் தோளில் துண்டு போட்டார்கள். நான் மறுத்துச் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை. துண்டோடு திரும்பிப் பார்த்தபோது சமையல்காரம்மா மேடைக்குக் கீழே இறங்கிச் சமையல்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். விழாவுக்குக் கொண்டுவந்த சுண்டலைக் கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் போனேன். துண்டை அவரிடம் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்துப் போனேன். அவர் பெரிய அலுமினிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துத் தென்னேரிப் பள்ளியில் அதே நாடகத்தைப் போட அழைப்பு வந்திருந்தது. தான் வரப்போவதில்லை என்று ஆசிரியையிடம் காலையிலேயே சொல்லிவிட்டாராம்.

"எதுக்கு?" என்றேன்.

"நீங்களே நடிச்சிடுங்க சார். ஐம்பத்தெட்டும் உங்களுக்குத்தான் தெரியுதே."

"நீங்க மறந்துட்டீங்களேன்னுதான்…"

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "யாரு மறந்தது? நாக்கு நுனில கீது சார். நானு வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க பூந்து புடுங்கிக்கினு போயிட்றீங்க. இருபது வருசமா நூறு புள்ளைங்களுக்கு ஒல வெச்சிக்கினு கீறேன். எது எப்ப வேவும்னு எனக்குத் தெரியாதா? அரிசி வேவறதுக்கு முன்னாடி மூடியத் தொறந்து தொறந்து பாத்தா அது சோறாவுமா?"

நான் துண்டை மடித்தேன், பிரித்தேன். அவர் கோபம் அதோடு நிற்கவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க. வூட்ல அம்மாவும் வாயத் தொறந்து நான் கேட்டதே இல்ல. நான் அந்தப் பக்கம் போறப்ப வாசல்ல பால்காரன்கிட்ட பால் வாங்க வந்து நிப்பாங்க, அவங்க ஒன்னு சொல்ல வருவாங்க, நீங்க உள்ளேந்து அத முடிச்சிடுவீங்க. அதான் போய் மவ வூட்ல குந்திக்கினாங்களோ என்னமோ."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. அண்டாவைக் கவிழ்த்து மேல் பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. கேட்டிலிருந்து கிணறு வரை நடந்தேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைக் கையில் எடுத்து, ஆறே காலுக்குத் திரும்ப வைத்துவிட்டேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியையும் பதிலையும் நானே வைத்துக்கொண்டு நூறு நாளாக அவளை எதற்குக் கூப்பிட்டேன் என்றும் தெரியவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னார், நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் அந்தம்மாவின் மீது எனக்கு ஆத்திரம்தான். என் வீட்டு விஷயம் அவருக்கு எதற்கு? மூன்றாம் நாள்தான் அவர் சொன்னது பொய்யா என்று யோசித்தேன். மனைவி கடைசியாக என்னிடம் முழுதாகச் சொன்ன ஒரு நீள வாக்கியத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். காலையிலிருந்து மதியம் வரை முயன்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு கணக்கு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆசிரியை எப்படியோ சமாதானம் பேசிச் சமையல்காரம்மாவை ஒத்திகைக்கு வரவழைத்தார். என்னையும் விடவில்லை. இரண்டு நிபந்தனை. மைக் என் பக்கம் இருக்காது. ஒருவர் நிறுத்தினால் நான் மனசுக்குள் எட்டு வரை எண்ணிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். எண்ணுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் மூன்றைத் தாண்டி என்னால் எண்ண முடியவில்லை. மூன்று வந்ததும் தொண்டை அரித்தது. சொல் தானாக வெளியே விழுந்தது. முதல் நாள் பதினெட்டு தடவை தவறினேன்.

டிராக்டர்காரர்தான் வழி சொன்னார். "சார், வாய் நெறைய வெத்தல போட்டுக்குங்க. பேசணும்னா துப்பணும். துப்பறதுக்கு எழுந்து போவணும். அதுக்குள்ள நாங்க சொல்லிடுவோம்."

"எனக்குப் பழக்கமில்லையே."

"அதான் சார் வேணும். பழகனவன் வெத்தலையோடயே பேசிடுவான்."

எழுபத்தோரு வயதில் வெற்றிலை போடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்தது. ஆனால் காரியம் நடந்தது. வாயை அடைத்துக்கொண்டு நின்றபோதுதான், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி நடிக்கிறவர்களைப் பார்த்தேன். அதுவரை நான் ஒருவரையும் பார்க்கவில்லை. வசனம் மட்டும்தான் எனக்குத் தெரியும். டிராக்டர்காரர் பேசும்போது எதிரில் இருக்கிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதும், ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்லி அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கப் பழகினார் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சமையல்காரம்மா நிறுத்தும் இடங்களை ஒத்திகைக்கு ஒத்திகை குறித்து வந்தேன். ஒவ்வொரு நாளும் அதே இடங்களில்தான் நிறுத்தினார். மறதி அப்படி இடம் பார்த்து வராது. அது எனக்கு உறுத்தியது, ஆனால் அதன் அர்த்தம் பிடிபடவில்லை.

தென்னேரியில் நாடகம் நூற்றுப் பதினான்காம் நாள். ஏரிக்கரையை ஒட்டிய ஊர். மதகு, கடைமடை என்பதெல்லாம் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடித்த ஜனம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தது. நான் படுதாவுக்குப் பின்னால் வாய் கொள்ளாத வெற்றிலையோடு நின்றேன்.

கடைசிக் காட்சி. விதவை வந்து தலைவர் முன்னால் நின்றாள். பேசவில்லை. ஒன்று. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். இரண்டு, மூன்று. தலைவரைப் பார்த்தாள், உடனே தரையைப் பார்த்தாள். நான்கு, ஐந்து. ஆறு. முன்னால் இருந்த ஒரு கிழவர், "கேளும்மா, பயப்படாத" என்றார். ஏழு. சுற்றிய முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தலைவரே. என் நெலத்துக்கும் இதே ஏரிதான்."

யாரும் கைதட்டவில்லை. கேளும்மா என்று சொன்ன கிழவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெற்றிலைச் சாறு தொண்டையில் இறங்கி இருமல் வந்துவிட்டது.

வேனில் திரும்பும்போது அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அந்த எடத்துல மறந்துட்டீங்கன்னே நெனச்சேன்."

"மறக்கல சார். முன்னாடியும் மறக்கல. பெரிய மனுசன்கிட்ட போய்க் கேக்கணும்னா அந்தப் பொம்பளைக்குப் பயமா இருக்கும்ல? அத எப்படி ஒடனே கேட்டுடுவா? நின்னுதான் கேப்பா. நானு எங்க வூட்டு ரேசன் கார்டுக்கு அப்டித்தான் நின்னேன்."

ஆக, பள்ளி மைதானத்தில் நான் கெடுத்தது அவருடைய நடிப்பை. மறதி என்று நினைத்து நான் நிரப்பியதெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்தது. நாடகம் மனிதனைப் பண்படுத்தும் என்று அந்த ஆண்டு விழாவில் மூன்று பேர் பேசினார்கள். மொத்தம் நாற்பது நிமிடம். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, இப்போதும் முழுதாக இல்லை. ஆனால் ஒருவர் வாயைத் திறக்காமல் நிற்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல் நிற்பதில்லை என்பதை முப்பத்தாறு வருட உத்தியோகமும் நாற்பத்தொரு வருடக் குடித்தனமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சத்துணவுக்கூடத்து அம்மா ஏழு எண்ணிக்கையில் சொல்லித் தந்தார்.

அந்த இரவு தூங்கினேனா என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓரிக்கைக்குப் போனேன். இறங்கியதும் கடையில் வெற்றிலை வாங்கி வாயில் அடைத்துக்கொண்டேன். என் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மனைவி மகள் வீட்டுக் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வா நைனா" என்றவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பல்வலியா?" என்றாள். நான் தலையாட்டினேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"வெத்தலையா? எப்பத்திலேந்து?"

பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பத்து நாள் என்று அர்த்தம். மகள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள். நான் முறத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மொச்சையைக் கையில் எடுத்தேன். அவள் உரித்தாள், நானும் உரித்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குப் பெரிய வதை. கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

"அங்க வந்தா…" என்றாள். நிறுத்தினாள்.

என் வாய் வெற்றிலையையும் மீறிக்கொண்டது. "கொசுவா?"

அவள் கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "பாத்தீங்களா" என்றாள். "இதான். நான் ஒன்னு சொல்ல ஆரம்பிப்பேன். நீங்க முடிப்பீங்க. முடிச்சது நான் சொல்ல வந்தது இல்ல. இல்லன்னு சொல்லணும்னா மறுபடியும் மொதல்லேந்து ஆரம்பிக்கணும். அது ஒரு பேஜார். போவட்டும்னு வுட்டுடுவேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டேன். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்குப் பச்ச புடிக்காது, தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"கல்யாணமாகி ரெண்டாவது தீவாளி. காஞ்சிபுரத்துல பொடவக் கடைக்குப் போனோம். எனக்கு இந்த…ன்னு கைய நீட்டினேன். நீங்க பச்சதானேன்னு எடுத்துட்டீங்க. பக்கத்துல கீற அரக்குக் கலருதான் நான் காட்டினது. கடைக்காரன் முன்னாடி இன்னா சொல்றது? அதுலேந்து எனக்குப் பச்சன்னா உசுருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. வருசா வருசம் பச்ச. என் தம்பி கூட பச்சதான் வெக்கறான்."

பச்சைப் புடவைகளை மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பது வரை வந்து விட்டுவிட்டேன். இன்னும் இருக்கும்.

அதன் பிறகு அவள் பேசினாள். இடையில் நிறுத்தினாள், யோசித்தாள், மறுபடியும் தொடர்ந்தாள். மகளின் மாமியாரும் அவளும் மத்தியானத்தில் பேச உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடுமாம். தான் பேசத் தெரியாதவள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாளாம். "இங்க வந்துதான் எனக்கே தெரிஞ்சிது. நான் நல்லா பேசறேன்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மாமியார் மேல், முறத்தின் மேல், எல்லாவற்றின் மேலும்.

வெற்றிலை சக்கையாகிவிட்டது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து கேட்டேன். "எப்ப வர?" அதோடு நிறுத்தினேன். வெள்ளிக்கிழமையா என்று கேட்கவில்லை. அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"வருவேன். என் வூடு தானே. ஆனா தேதி கேக்காதீங்க. நானே பஸ் ஏறி வரேன். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு."

தேதி இல்லாமல் நான் எப்படி இருப்பது? இதைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உரித்த மொச்சையில் பாதியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்து வந்த நாட்களைப் போல எந்த நாளும் என்னைப் படுத்தியதில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் கேட்டுக்குப் போனேன். எங்கள் நிறுத்தத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பஸ் நிற்கிறது. ஒத்திகையும் இப்போது இல்லை, பன்னிரண்டுக்கும் போனேன். போன் செய்வதை நிறுத்திவிட்டேன். அவளாகக் கூப்பிட்டால் பேசினேன். ஒரு நாள் பதினேழு நிமிடம் பேசினாள்.

பதினோராம் நாள், புதன்கிழமை, பதினொன்றே கால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் கேட்டுக்குள் நிற்கிறாள். செங்கல் நிறத்தில் ஒரு புதுப் புடவை. வா என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. அவளும் உள்ளே வரவில்லை. தலையை உயர்த்தி வாசல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மரம்…" என்றாள்.

பூத்திருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்ன பூ பார்த்தியா என்று சொல் உதட்டுக்கு வந்துவிட்டது. ஈரத்துண்டைக் கடித்துக்கொண்டேன். அவள் கட்டைப்பையைக் கீழே வைத்தாள். மரத்தைச் சுற்றி வந்தாள்.

"இந்தக் கெழக்குக் கிளைய வெட்டிடலாங்க. கூடத்துல வெயிலே வரல. இருட்டுல குந்திக்கினு கீறது எனக்குப் புடிக்கல. எட்டு வருசமா சொல்லணும்னு கீறேன்."

நான் வைத்த மரம். அந்தக் கிளைதான் அதிகம் காய்க்கிறது. காய்க்கிற கிளையை யாராவது பூத்திருக்கும்போது வெட்டுவார்களா? காய்ப்பு முடியட்டுமே என்று சொல்லலாம். கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடலாமே என்று சொல்லலாம். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவள் பேசி முடித்துவிட்டாளா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

"அவ்ளோதான்" என்றாள், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மரம் வெட்டுகிறவர் நாளைக் காலை வருகிறார். அந்தக் கிளையில் மட்டும் அறுபத்து மூன்று பூங்கொத்து இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.